அவசரகாலப் பெட்டி தயாரித்து விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மின்சாதனங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். அதனால் நீங்கள் விற்கும் அவசரகாலப் பெட்டிகள் சுற்றிவளைத்து என் மேசைக்கு வந்துவிடுகின்றன. வாங்கியவர்கள் அலமாரி மேல் வைத்துவிடுவார்கள். ரொம்ப நாள் கழித்து ஒரு ராத்திரி கரண்ட் போகும். எடுத்துப் பார்த்தால் டார்ச் எரியாது, ரேடியோ பேசாது. அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். டார்ச்சை மட்டும் கொண்டுவருபவர்களிடம், பெட்டியோடு கொண்டுவாருங்கள் என்று நானே கேட்டு வாங்கிப் பார்ப்பதும் உண்டு. அப்படிப் பார்த்துப் பார்த்துச் சேர்ந்த கேள்விகளைத்தான் இங்கே எழுதுகிறேன். எந்த நிறுவனத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. அட்டையில் பெயர் மாறினாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒன்றுதான் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் அட்டை மேல் கொட்டை எழுத்தில் போடும் எண்ணிக்கை. ‘250 பொருட்கள்’ என்று போடுகிறீர்கள். பிரித்து எண்ணினால் ஒவ்வொரு பிளாஸ்திரியும் ஒரு பொருள், ஒவ்வொரு ஊக்கும் ஒரு பொருள், பஞ்சு சுற்றிய குச்சி ஒவ்வொன்றும் ஒரு பொருள். எண்ணிக்கையில் பாதிக்கு மேல் இப்படியே தீர்ந்துவிடுகிறது. மிச்சத்தில் மீன் தூண்டில் முள், கம்பி ரம்பம், பொத்தான் அளவில் ஒரு திசைகாட்டி, தீப்பொறி தட்டும் கம்பி. யாருக்காக இதெல்லாம்? வாங்குபவர் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறார். வீட்டில் ஒரு கைக்குழந்தை, மூட்டுவலியோடு ஒரு பாட்டி. அவர்கள் தூண்டில் போட எங்கே போவார்கள்? காட்டில் தனியாக மாட்டிக்கொண்ட ஒரு ஆளை மனதில் வைத்துப் பொருளைத் தேர்ந்துவிட்டு, அதைக் குடும்பத்தின் தலையில் கட்டுகிறீர்கள்.

வீட்டில் அவசரம் என்பது பெரும்பாலும், தினமும் வந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று திடீரென்று நின்றுபோவதுதான். குழாயில் தண்ணீர் நிற்கும். வெளிச்சம் நிற்கும். செய்தி நிற்கும். மருந்துக் கடை திறக்காது. கழிவறையில் தண்ணீர் ஊற்ற முடியாது. இவற்றில் எது நின்றால் எதை வைத்து எத்தனை நாள் ஒப்பேற்றுவது என்பதற்குப் பதில் சொல்லத்தான் பெட்டி. ஒரு பொருளை உள்ளே வைக்கும் முன், நின்றுபோன எதற்கு இது ஈடு, எத்தனை பேருக்கு, எவ்வளவு நேரத்துக்கு என்று கேட்டால் போதும். தூண்டில் முள் தானாகவே வெளியே வந்துவிடும்.

என் தொழில் சம்பந்தப்பட்டதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பிடியை அழுத்தினால் எரியும் டார்ச் ஒன்றைத் திறந்து பார்த்தேன். பேட்டரியே தேவையில்லை என்று அட்டையில் போட்டிருந்தது. அழுத்த அழுத்த உள்ளே பல்சக்கரங்கள் சுற்றின, ‘கிர்ர்’ என்ற சத்தமும் நன்றாகவே வந்தது. டைனமோ சுருளிலிருந்து கிளம்பும் இரண்டு கம்பிகள் எங்கே போகின்றன என்று பார்த்தால், போர்டின் ஓரம் வரை போய் அங்கேயே நின்றுவிட்டன. எல்இடிக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தவை பக்கத்தில் சால்டர் வைத்துப் பதித்திருந்த இரண்டு நாணய செல்கள். சிஆர்2032 என்று எழுதியிருந்தது. அது ரீசார்ஜ் ஆகாத வகை. டைனமோவுக்கும் வெளிச்சத்துக்கும் சம்பந்தமே இல்லை. அந்த செல்கள் தீரும் வரை எரியும், அப்புறம் எத்தனை முறை அழுத்தினாலும் கை வலிதான் மிச்சம். இதைத் தரக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த ஏமாற்று இது.

எல்லாப் பெட்டியிலும் இப்படி இல்லை என்று நீங்கள் சொல்லலாம். சரி. நல்ல டார்ச் வைக்கும் பெட்டிகளிலும் வேறொரு கோளாறு இருக்கிறது. சாதாரண ஆல்கலைன் செல்லை டார்ச்சுக்குள்ளேயே போட்டு மூடி அனுப்பிவிடுகிறீர்கள். வருஷக்கணக்கில் அப்படியே கிடந்தால் செல் ஒழுகும். உள்ளே இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வெளியே கசிந்து, காற்று பட்டு வெள்ளையாகப் பூத்து, ஸ்பிரிங்கையும் தகட்டையும் அரித்துவிடும். என்னிடம் வரும் டார்ச்சுகளில் மற்ற எந்தப் பழுதையும்விட இதுதான் அதிகம். வினிகர் தொட்டுத் துடைத்து, தகட்டைச் சுரண்டி, பலதையும் மறுபடி எரிய வைத்துவிடலாம். ஆனால் அதை நான் செய்வது கரண்ட் வந்த பிறகுதானே? செல்லைத் தனி உறையில் வைத்து, டார்ச்சோடு நூலில் கட்டி அனுப்புவதில் உங்களுக்கு என்ன கஷ்டம்? இன்னும் கொஞ்சம் மனது வைத்தால் 1.5 வோல்ட் லித்தியம் பென்சில் செல் கொடுங்கள். எடை குறைவு, ஒழுகுவது அபூர்வம், 15 வருஷத்துக்கு மேல் இருப்பு தாங்கும். ஆனால் அதே அளவில் 3.7 வோல்ட் லித்தியம் செல்லும் சந்தையில் இருக்கிறது. அதைத் தெரியாமல் போட்டால் ரேடியோ புகைந்துவிடும். அதனால் எந்த செல் போட வேண்டும் என்பதை மூடியின் உட்பக்கமே அச்சடித்துவிடுங்கள்.

டார்ச்சில் இன்னும் ஒன்று. வெளிச்சத்தை அளக்கும் லூமன் கணக்கில் ஆயிரக்கணக்கில் போட்டி போடுகிறீர்கள். 100 லூமன் வெளிச்சத்தை வெள்ளைக் கூரையைப் பார்த்து நிமிர்த்தி வைத்தால் ஒரு அறையில் எல்லோரும் நடமாடலாம். பத்து மணி நேரம் எரியும் 100 லூமன் எனக்குப் போதும். அரை மணி நேரத்தில் செத்துப்போகும் 2,000 லூமனை வைத்துக்கொண்டு நான் என்ன தேடப் போகிறேன்? முடிந்தால் கையில் பிடிப்பதற்குப் பதில் நெற்றியில் மாட்டும் டார்ச் கொடுங்கள். இருட்டில் குழந்தையைத் தூக்கவும் காயத்துக்குக் கட்டுப்போடவும் வால்வைத் திருகவும் இரண்டு கையும் வேண்டும். டார்ச், ரேடியோ இரண்டுக்கும் ஒரே அளவு செல் என்று வைத்தால் ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றுக்குப் போட்டுக்கொள்ளலாம். என் கைக்கு வந்த ஒரே பெட்டியில் டார்ச்சுக்கு மூன்று ஏஏஏ, ரேடியோவுக்கு இரண்டு ஏஏ, அலாரத்துக்கு ஒரு 9 வோல்ட். மூன்றையும் மூன்று வெவ்வேறு ஆட்கள் வாங்கிப் போட்டிருப்பார்கள் போல.

அடுத்து பவர் பேங்க். முதுகில் சோலார் தகடு ஒட்டிய பவர் பேங்க்கை ‘சூரியன் இருக்கும்வரை சார்ஜ்’ என்று விற்கிறீர்கள். கணக்கு போட்டுப் பார்ப்போம். 10,000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் எடுத்த கொள்ளளவு. அது 37 வாட்-மணி. 5 வோல்ட்டாக மாற்றும்போது ஆகும் இழப்பு போக, வெளியே கிடைப்பது சுமார் 6,000 முதல் 6,500 எம்ஏஎச்தான். இன்றைய சராசரி போனை ஒன்றரை முறை நிரப்பலாம். அதில் குறை ஒன்றும் இல்லை, நல்ல பொருள்தான். ஆனால் உள்ளங்கை அளவு சோலார் தகடு உச்சி வெயிலில் ஒரு வாட் கொடுத்தாலே பெரிது. 37 வாட்-மணியை ஒரு வாட்டால் நிரப்ப, துளி இழப்புகூட இல்லையென்றாலும் 37 மணி நேர உச்சி வெயில் வேண்டும். நடைமுறையில் ஒரு வாரத்துக்கு மேல் இழுக்கும். அதற்குள் அந்த லித்தியம் செல் வெயிலில் வெந்துகொண்டிருக்கும். சூட்டில் வைக்கக் கூடாத பொருளை வெயிலில் வை என்று சொல்லி விற்கிறீர்கள். தகட்டைப் பிடுங்கிவிட்டு, அதற்கு ஆகும் செலவில் நல்ல செல் போடுங்கள். ‘மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்றவும்’ என்று ஒரு வரியைப் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். கையால் சுற்றி போனுக்குச் சார்ஜ் ஏற்றும் கைப்பிடியும் இதே கதைதான். இரண்டு வாட் வீதம் சுற்றினாலும் ஒரு போன் நிரம்பப் பத்து மணி நேரம் ஆகும். ரேடியோ கேட்பதற்கு மட்டும் அது உபயோகம். சில நிமிஷம் சுற்றினால் செய்தி கேட்கும் அளவுக்கு ஓடும்.

ரேடியோவை யாரும் இப்போது மதிப்பதில்லை. போன் இருக்கிறதே என்கிறார்கள். செல்போன் கோபுரங்களில் இருக்கும் மாற்று பேட்டரிகள் பெரும்பாலும் சில மணி நேரத்துக்குத்தான். அதற்கு மேல் போனால் கையில் இருக்கும் போன் கடிகாரமாகிவிடும். எஃப்எம் மட்டும் உள்ள ரேடியோவைப் பெட்டியில் வைக்காதீர்கள். எஃப்எம் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது, பக்கத்து நிலையம் படுத்துவிட்டால் அதோடு சரி. மீடியம் வேவ் இரவில் வானத்தில் உயரே இருக்கும் அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வரும். பக்கத்து நிலையங்கள் எல்லாம் ஊமையானாலும் தூரத்து நிலையம் ஒன்று பேசிக்கொண்டிருக்கும்.

தண்ணீருக்கு வருகிறேன். உங்களிடம் எனக்குப் பெரிய சண்டை இதில்தான்.

‘4 பேர், 72 மணி நேரம்’ என்று பல பெட்டிகளில் அச்சாகியிருக்கிறது. அந்த மூன்று நாள் என்பது நீங்கள் கண்டுபிடித்ததில்லை. வீடுகள் குறைந்தது மூன்று நாள் தாமாகச் சமாளிக்கத் தயாராக இருக்க வேண்டும் என்று பல அரசுகள் சொல்கின்றன. 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் 72 மணி நேரம் என்றது. ஜப்பானில் குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஒரு வாரம் என்பார்கள். நாள் கணக்கைக் கடன் வாங்கிய நீங்கள் தண்ணீர் அளவைக் கடன் வாங்கவில்லை. குடிக்கவும் கொஞ்சம் சமைக்கவும் கழுவவும் ஒரு ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் என்பது வீடுகளுக்கு வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அதுவே தாராளம் ஒன்றும் இல்லை. நிவாரணப் பணியில் இருப்பவர்கள் பின்பற்றும் ஸ்பியர் அளவுகோல், குடிப்பதற்கும் உணவுக்கும் மட்டும் 2.5 முதல் 3 லிட்டர், சமையலும் சுத்தமும் சேர்த்தால் 7.5 முதல் 15 லிட்டர் என்கிறது. சரி, 4 லிட்டரையே எடுத்துக்கொள்வோம். 4 பேர், 3 நாள், 48 லிட்டர். நீங்கள் வைத்திருப்பது 125 மில்லி உறைகள் ஒரு டஜன். மொத்தம் ஒன்றரை லிட்டர். அந்த 48 லிட்டரை உறையாகவே கொடுப்பதென்றால் 384 உறைகள் வேண்டும்.

தண்ணீரைப் பெட்டியில் அடைக்க முடியாது, 48 லிட்டர் என்றால் 48 கிலோ என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். முடியாததை முடிந்த மாதிரி காட்டாதீர்கள். உறைகளுக்குப் பதிலாக, குழாய் வைத்த, உணவுத் தரப் பிளாஸ்டிக்கில் செய்த, மடித்து வைக்கக்கூடிய 10 லிட்டர் கலன் இரண்டு வையுங்கள். 20 லிட்டர் வேண்டாம், நிரம்பினால் 20 கிலோ, மாடிப்படியில் அதைத் தூக்க எல்லோராலும் முடியாது. புயல் எச்சரிக்கை வந்ததும் குழாயில் தண்ணீர் இருக்கும்போதே பிடித்து வைக்க அது உதவும். முன்னறிவிப்பு இல்லாமல் வரும் நிலநடுக்கம் போன்றவற்றுக்கு எப்போதும் நிரம்பிய பாத்திரங்கள் வீட்டில் தனியாக இருக்க வேண்டும், இதைப் பெட்டி செய்யாது என்று அட்டையில் நேர்மையாக எழுதுங்கள்.

அப்புறம் அந்த வடிகட்டி ஸ்ட்ரா. உறிஞ்சிக் குடிக்கலாம், உண்மைதான். அதை வைத்துக் குழந்தைக்குப் பால் கரைப்பது எப்படி? படுக்கையில் இருக்கும் பாட்டிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பது எப்படி? உறிஞ்சித் துப்பியா? வீட்டுக்கு வேண்டியது பாத்திரத்தை நிரப்பும் வழி. குளோரின் மாத்திரை அதற்கு நன்றாக உதவும், ஆனால் அதிலும் குழப்பம் வைத்திருக்கிறீர்கள். ஒரு லிட்டருக்கான மாத்திரையும் 20 லிட்டருக்கான மாத்திரையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன, கத்தரித்து எடுத்தால் எது எதென்றே தெரியாது. ஒவ்வொரு மாத்திரையின் உறையிலும் லிட்டர் அளவைப் போடுங்கள். கலங்கல் தண்ணீரை முதலில் துணியில் வடிகட்ட வேண்டும், மாத்திரை போட்டுக் கலக்கி 30 நிமிஷம் காத்திருக்க வேண்டும் என்று எழுதுங்கள். காய்ச்ச வசதி இருந்தால் தளதளவென்று கொதி வந்த பின் ஒரு நிமிஷம், கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர் என்றால் மூன்று நிமிஷம் கொதித்தால் போதும். எரிபொருளை அரை மணி நேரம் வீணடிக்க வேண்டியதில்லை. இன்னொரு எச்சரிக்கையும் கட்டாயம் வேண்டும். கிருமி போகக் காய்ச்சலாம், குளோரின் போடலாம். ஆனால் ரசாயனம் கலந்த தண்ணீரும் உப்புநீரும் இந்த எதற்கும் மசியாது. கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டோடு ப்ளீச்சிங் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பதையும் அதே சீட்டில் சேர்த்துவிடுங்கள். தண்ணீர் இல்லாத நாட்களில் கைக்குக் கிடைத்ததை எல்லாம் ஊற்றிக் கழுவுகிறார்கள்.

முதலுதவிப் பகுதியைப் பற்றி நான் பெரிதாகப் பேசத் தகுதி இல்லை, ஆனாலும் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறேன். நூறு சின்னப் பிளாஸ்திரி வைக்கிறீர்கள், உடைந்த கண்ணாடி கிழித்த ஒரு கையைக் கட்ட கனமான காஸ் துணி இரண்டுகூட இல்லை. ரத்தம் பெருகினால் முதலில் செய்வது சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடிப்பதுதான். அதற்குப் பெரிய காஸும் இழுத்துக் கட்டும் அகலமான ரோலர் பேண்டேஜும் வேண்டும். ரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை (டூர்னிகே) என்று சொல்லி ஒரு மெல்லிய ரப்பர் குழாயை வைக்கிறீர்கள். அது ரத்தப் பரிசோதனைக்கு ரத்தக் குழாயைத் தேட உதவும். உயிர் போகும் ரத்தப்போக்கை நிறுத்தும் பட்டை குறைந்தது ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும், முறுக்கும் கம்பி வளையாமல் தாங்க வேண்டும். நல்லவற்றைப் பார்த்துச் செய்த போலிகளில் முறுக்கும்போதே கம்பி உடைந்துவிடுகிறது. நல்லது வைக்க முடியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். போலியை நம்பிக் கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் கையால் அழுத்தியிருந்தாலாவது பலன் கிடைத்திருக்கும். கத்தரிக்கோல் துணியை வெட்டட்டும், இப்போது இருப்பது காகிதத்தையே மெல்லுகிறது. கையுறை நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரில் கொடுங்கள், சாதாரண ரப்பர் கையுறை மடித்த இடத்திலேயே ஒட்டிக் கிழிகிறது.

வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் பொடி வைப்பதற்கு நன்றி. ஒரு லிட்டருக்கான பொட்டலமும் 200 மில்லிக்கான பொட்டலமும் இருக்கின்றன. இரண்டையும் கலந்து வைக்காதீர்கள். பொடி தீர்ந்தால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்ற வரியையும் சீட்டில் போட்டுவிட்டால் நல்லது.

கருவிகள். ‘22 வேலை செய்யும் ஒரே கருவி’யைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். இருபத்திரண்டும் ஒரே ஆணியில் ஆடிக்கொண்டிருக்கும். அதன் குறட்டால் இறுகிய நட்டு ஒன்றைத் திருக முயன்றால் நட்டு அசையாது, கைப்பிடிதான் விரியும். தனித்தனியாக மூன்று கொடுங்கள், போதும். 200 மில்லிமீட்டர் கட்டிங் பிளேயர் ஒன்று. 250 மில்லிமீட்டர் அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் ஒன்று, தண்ணீர் வால்வையும் கேஸ் வால்வையும் மூடும் அளவுக்கு வாய் திறப்பதாக. இரு பக்கமும் திருப்பிப் போடும் ஸ்க்ரூ டிரைவர் ஒன்று. பிளேயரின் பிடியில் சிவப்பு ரப்பர் உறை இருந்தாலே ஷாக் அடிக்காது என்று மக்கள் நம்புகிறார்கள். நீங்களும் படத்தில் மின்னல் போட்டு அந்த நம்பிக்கையை வளர்க்கிறீர்கள். ஷாக் அடிக்காத கைக்கருவிகளுக்கான ஐஇசி 60900 என்ற சர்வதேசத் தரத்தில் சோதித்த கருவியில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கும். அது இல்லாத உறை கை வழுக்காமல் இருக்க மட்டும்தான்.

நைலான் கயிற்றுக்கு ‘550’ என்று போடுகிறீர்களே, அது பவுண்டு, சுமார் 250 கிலோ, அதுவும் நல்ல கயிறு அசையாமல் தொங்கும் எடைக்கு. ஆளை இறக்க அது ஆகாது என்று எழுதுங்கள். கிழிந்த கூரையை மூடக் கனமான தார்ப்பாய், அகலமான ஒட்டு டேப், கண்ணாடித் துண்டைப் பொறுக்கத் தோல் கையுறை, ஒரு விசில். விசிலுக்குக் கூடவே மூன்று முறை ஊதினால் உதவி தேவை என்று அர்த்தம் என ஒரு வரி. இதற்கு மேல் இந்தப் பகுதியில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

மெழுகுவர்த்தியை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். நிலநடுக்கத்துக்குப் பிறகோ வெள்ளத்துக்குப் பிறகோ கேஸ் குழாய் எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கேஸ் வாசனை வந்த இடத்தில் டார்ச் சுவிட்சைக்கூடத் தட்டக் கூடாது என்கிறோம், நீங்கள் தீப்பெட்டியைக் கையில் கொடுக்கிறீர்கள். மெழுகுவர்த்தி இருந்த இடத்தில் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வைத்தால் எத்தனையோ உயிர் மிஞ்சும். கரண்ட் இல்லாத வீட்டில் ஜெனரேட்டரை வராந்தாவில் ஓட்டுகிறார்கள், குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். இரண்டிலிருந்தும் கிளம்பும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம், அப்புறம் எழுந்திருப்பதில்லை. ஜெனரேட்டர் வீட்டுக்கு வெளியே, கதவு ஜன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். சென்சாருக்கும் ஆயுள் உண்டு என்பதால் அலாரத்தின் பின்புறம் காலாவதி வருஷத்தைப் போட மறக்காதீர்கள்.

எந்தப் பெட்டியிலும் நான் பார்க்காத ஒரு விஷயம் கழிவறை. சொல்லக் கூச்சப்படுகிறீர்களா? தண்ணீர் நின்ற இரண்டாம் நாள் ஒரு வீட்டில் எல்லோரும் மனதுக்குள் நினைத்துக்கொண்டிருப்பது இதைத்தான். மூடியுள்ள வாளி, கனமான பைகள், மேலே தூவ மரத்தூள் போன்ற உலர்ந்த பொருள், கை கழுவ சோப்பு. கூடவே மாதவிடாய் நாப்கின். பெட்டியையே மூடியுள்ள வாளியாகச் செய்தால் என்ன? பை தோளில் மாட்ட வசதி என்பீர்கள். வீட்டை விட்டு ஓட வேண்டிய அவசரமும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மெல்லிய பை ஒன்றை மடித்து உள்ளே வையுங்கள். வீட்டிலேயே இருந்து சமாளிக்க வேண்டிய நாட்களுக்கு வாளிதான் உதவும்.

உணவைப் பற்றி அதிகம் எழுதவில்லை. அது அவரவர் வீட்டு விஷயம். யாரும் தின்ன விரும்பாத கட்டிகளை ஐந்து வருஷம் தாங்கும் என்று அடைப்பதைவிட, வழக்கமாகச் சாப்பிடும் உலர் பொருளைக் கொஞ்சம் கூடுதலாக வாங்கி, பழையதை முதலில் எடுத்து, காலியான இடத்தைப் புதிதால் நிரப்பிக்கொண்டே இருப்பது எவ்வளவோ மேல். டின்னைத் திறக்கும் கருவி மட்டும் போடுங்கள்.

இங்கேதான் நீங்கள் ஒருபோதும் செய்யத் துணியாத ஒன்றைக் கேட்கிறேன். பெட்டியில் கால்வாசி இடத்தைக் காலியாக விட்டு விற்க முடியுமா? அந்த வீட்டுக்காரருக்கு மட்டுமே தெரிந்த பொருட்கள் போக வேண்டிய இடம் அது. ஒரு வாரத்துக்கான மருந்தும் மருந்துச் சீட்டின் நகலும், மாற்று மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவியின் பேட்டரி, குழந்தையின் பால்மாவு, சின்ன நோட்டுகளாகக் கொஞ்சம் பணம், அடையாள அட்டைகளின் நகல் போட்ட தண்ணீர் புகாத உறை. போன் செத்துவிட்டால் சொந்தத் தம்பியின் நம்பரே பலருக்கு மனப்பாடமாகத் தெரியாது, அதை எழுதி வைக்க ஒரு அட்டை. நிரம்பிய பெட்டியைப் பார்ப்பவர்கள் வேலை முடிந்தது என்று மூடி வைத்துவிடுகிறார்கள். காலி இடம் தெரிந்தால்தான் இதில் என்ன போடுவது என்று யோசிப்பார்கள்.

கடைசியாகத் தேதி. முழுப் பெட்டிக்கும் ‘5 ஆண்டு’ என்று ஒரே முத்திரை குத்துவது பொய். பிளாஸ்திரியின் பசை ஒரு காலம், மாத்திரை ஒரு காலம், செல் ஒரு காலம், பவர் பேங்க்குக்கு மூன்று மாதம். ப்ளீச்சிங் திரவம் வைத்திருந்தால் ஒரு வருஷத்திலேயே வீரியம் குறைந்துவிடும். மூடியின் உட்பக்கம் ஒரு பட்டியல் ஒட்டுங்கள், எது முதலில் காலாவதியாகிறதோ அது மேலே. எழுத்து டார்ச் வெளிச்சத்தில் கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவில், வாங்குபவர் படிக்கும் மொழியில் இருக்கட்டும். உங்கள் இப்போதைய குறிப்புச் சீட்டைப் பட்டப்பகலில் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்கிறேன், நான் சர்க்யூட் போர்டு பார்க்கிறவன். காலாவதியானதை மட்டும் தனியாக வாங்கிப் போட்டுக்கொள்ள வழி செய்யுங்கள். இப்போது ஒரு செல் ஒழுகினாலும் முழுப் பெட்டியையும் புதிதாக வாங்கச் சொல்கிறீர்கள். அதனால்தான் யாரும் வாங்குவதில்லை, பழையதும் செத்துக் கிடக்கிறது.

இதில் எதையும் நம்பாவிட்டால் உங்கள் அலுவலகத்திலேயே சோதித்துப் பாருங்கள். பெட்டியை வடிவமைத்தவர், பொருட்களை வாங்கியவர், அட்டைக்கு வாசகம் எழுதியவர் மூவரும் ஒரு சனிக்கிழமை மாலை மெயின் சுவிட்சை அணைத்து, தண்ணீர் வால்வை மூடி, போன்களைப் பூட்டி வைத்துவிட்டு ஞாயிறு மாலை வரை அந்தப் பெட்டியோடு இருங்கள். எதை எடுத்தீர்கள், எதைத் தேடினீர்கள், எதைத் தொடவே இல்லை என்று எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பை எனக்கு அனுப்ப வேண்டியதில்லை. அடுத்த பெட்டியின் அட்டையில் அச்சடியுங்கள், வாங்குகிறவர்கள் படித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
உங்கள் டார்ச்சுகளைத் திறந்து பார்க்கும் ஒரு பழுது பார்ப்பவன்